நாளுக்கு நாலு குளிசை, எலும்புக்கு எட்டாத கல்சியம்: இரைப்பை பைபாஸுக்குப் பிந்திய ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரில் கற்பிக்கும் 46 வயது ஆசிரியை ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன. விரல் நுனிகளிலும் வாயைச் சுற்றியும் விறைப்பு, நடுச்சாமத்தில் எழுப்பிவிடும் கெண்டைக்கால் பிடிப்பு, இடுப்பிலும் முதுகிலும் மந்தமான நோவு. நாலு மாதமாக இருந்த இந்த முறைப்பாடுகளோடு கிளினிக்குக்கு வந்தார். கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் தோள் உளைகிறது என்றும், படியேறும்போது தொடையில் பலமில்லை என்றும் விசாரித்த பிறகுதான் சொன்னார்.

இரண்டு வருடமும் நாலு மாதமும் முன்பு கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் அவருக்கு ரூ-என்-வை இரைப்பை பைபாஸ் செய்யப்பட்டிருந்தது: இரைப்பையைச் சிறிய பையாக்கி, உணவு குடலின் தொடக்கப் பகுதியைத் தவிர்த்துப் போகும்படி இணைக்கும் உடற்பருமன் சத்திரசிகிச்சை அது. உயரம் 158 சென்ரிமீற்றர். அப்போது 118 கிலோவாக இருந்த நிறை இப்போது 76 கிலோ. உடற்திணிவுச் சுட்டி 47இலிருந்து 30க்கு இறங்கியிருக்கிறது. நீரிழிவு மருந்து நின்றுவிட்டது. தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் 100 மைக்ரோகிராம் தொடர்கிறது. நிறைக்குறைப்பு என்ற அளவில் சத்திரசிகிச்சை நன்றாகவே பலன் தந்திருந்தது.

"கல்சியம் ஒரு நாள்கூட விடேல்லை, டொக்டர். நாளுக்கு நாலு குளிசை. முந்நூறு முந்நூறா ஆயிரத்தி இருநூறு. அங்க சொன்ன அதே கணக்குத்தான்."

அவர் சொன்னது முழு உண்மை. அடுத்த முறை குளிசை அட்டைகளை அப்படியே கொண்டு வரச் சொன்னோம். பிழை எங்கே என்பது அட்டையில் இருந்தது.

அட்டையில் இருந்த எண்

சத்திரசிகிச்சை முடிந்த புதிதில் இறக்குமதி செய்யப்பட்ட, மென்று விழுங்கும் கல்சியம் சிட்ரேட்டைத்தான் அவர் எடுத்தார். அது விலை கூடியது. இடையில் கிடைக்காமலும் போனது. 2022 நெருக்கடிக்குப் பிறகு இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாக அவர் மாறியது கல்சியம் லக்டேட் 300 மி.கி. குளிசைக்கு. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுப்பதால் ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வெள்ளைக் குளிசை அது.

அட்டையில் உள்ள 300 மி.கி. என்பது லக்டேட் உப்பின் முழு நிறை. அதற்குள் கல்சியம் ஏறத்தாழ 13 வீதம் மட்டுமே. அதாவது ஒரு குளிசையில் 39 மி.கி. தனிமக் கல்சியம். நாலு குளிசையில் 156. அவர் எடுத்ததாக நம்பிய 1200க்கும் உண்மையில் எடுத்த 156க்கும் இடையில் ஏறத்தாழ எட்டு மடங்கு வித்தியாசம். லக்டேட்டினாலேயே 1200ஐ எட்ட வேண்டுமானால் நாளுக்கு 31 குளிசை விழுங்க வேண்டும்.

லக்டேட் கெட்ட உப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. அது நன்றாகக் கரையும், அமிலமும் கேட்காது. குறைபாடு அளவில்தான். உணவிலும் கல்சியம் கிடைத்து, குடலும் முழுதாக உள்ள ஒருவருக்கு மேலதிகமாகக் கொடுக்கிற குளிசையை, குடலின் முக்கால்வாசி உறிஞ்சும் திறனை இழந்த ஒருவருக்கு முழு ஆதாரமாக வைக்க முடியாது.

மற்ற உப்புகளின் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். கார்பனேட்டில் 40 வீதம் கல்சியம்: 1250 மி.கி. கார்பனேட் என்றால் 500 மி.கி. தனிமக் கல்சியம். சிட்ரேட்டில் 21 வீதம்: 1000 மி.கி. சிட்ரேட் என்றால் 210. குளுக்கோனேட்டில் 9 வீதம் மட்டுமே. சில கம்பனிகள் உப்பின் நிறையைப் பெரிய எழுத்தில் போடும், சில தனிமக் கல்சியத்தைப் போடும். "500" என்று எழுதிய இரண்டு டப்பாக்களில் ஒன்றில் 500 மி.கி. கல்சியமும் மற்றதில் 200 மி.கி. கல்சியமும் இருக்கலாம். வெளிநாட்டுப் போத்தல்களில் இன்னொரு சிக்கல்: அதில் எழுதிய அளவு ஒரு குளிசைக்கா, "ஒரு வேளை" என்று அவர்கள் கணக்கிடும் இரண்டு குளிசைக்கா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

பரிசோதனை முடிவுகள்

இரத்தத்தில் மொத்தக் கல்சியம் டெசிலீற்றருக்கு 8.2 மி.கி., அல்புமின் 3.5 கிராம். அல்புமின் குறைவுக்குத் திருத்தினால் கல்சியம் 8.6. ஆய்வுகூடத்தின் கீழெல்லை 8.5. இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து முன்னர் ஓரிடத்தில் "கல்சியம் நோர்மல்" என்று அவரை அனுப்பியிருந்தார்கள்.

மற்றவை வேறு கதை சொல்லின. பராதைரொயிட் ஓமோன் 142 (எல்லை 15 முதல் 65 வரை). விற்றமின் டி 14 நனோகிராம், 30க்கு மேல் இருக்க வேண்டியது. எலும்பு வேகமாகக் கரைந்து உருவாகும்போது உயரும் நொதியமான அல்கலைன் பொஸ்பற்றேஸ் 168, கூடுதல். பொஸ்பேற் கீழெல்லைக்கு அருகில். மக்னீசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் சரி. 24 மணிநேரச் சிறுநீரில் கல்சியம் 48 மி.கி. மட்டும். மேற்கையில் இரத்த அழுத்தப் பட்டியை மூன்று நிமிடம் இறுக்கி வைத்துப் பார்த்ததில் கைப்பிடிப்பு வரவில்லை. இதயத்துடிப்புப் பதிவிலும் மாற்றம் இல்லை. ஆகவே அவசரமாக நாளத்தில் கல்சியம் ஏற்றத் தேவை இருக்கவில்லை.

இரத்தக் கல்சியம் ஏன் இறங்கவில்லை? அதை இறங்க விடாமல் வைத்திருப்பதே பராதைரொயிட்டின் வேலை. குடல் வழியாக வராவிட்டால் எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கும், சிறுநீரில் போவதையும் பிடித்து நிறுத்தும். சிறுநீரில் 48 மி.கி. மட்டும் இருந்தது அதனால்தான். பைபாஸ் செய்தவர்களில் இரத்தக் கல்சியத்தை மட்டும் அளந்து நிம்மதி அடைவது, கடன் வாங்கி நடத்தும் வீட்டின் செழிப்பை முற்றத்தைப் பார்த்து மதிப்பிடுவது போன்றது. பராதைரொயிட் ஓமோனும் விற்றமின் டியும் இல்லாமல் கணக்கு முடியாது.

மாதிரி எடுப்பதில் இரண்டு கவனம். அன்று காலைக் கல்சியக் குளிசையை இரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும். முன்னரே போட்டால் பராதைரொயிட் ஓமோன் தற்காலிகமாகத் தணிந்து காட்டும். அந்த ஓமோன் வெக்கையில் சிதையக்கூடியது. மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பும் ஆய்வுகூடம் என்றால், உடனே பிரித்துக் குளிரில் வைத்து அனுப்புகிறார்களா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். இந்த ஊர் வெயிலில் நாலு மணிநேரம் மேசையில் கிடந்த மாதிரி பொய்யான ஆறுதலைத் தந்துவிடும்.

குடலில் என்ன மாறியது

கல்சியம் உறிஞ்சப்படும் பாதை இரண்டு. ஒன்று விற்றமின் டியின் கட்டளைப்படி உயிரணுக்கள் இழுத்தெடுப்பது. இது முன்சிறுகுடலிலும் இடைச்சிறுகுடலின் தொடக்கத்திலும் தான் பலமாக நடக்கும். பைபாஸில் உணவு இந்தப் பகுதியைத் தொடாமல் கீழே போய்விடுகிறது. மற்றது செறிவு கூடும்போது உயிரணுக்களின் இடைவெளியால் கசிந்து போவது. அது குடல் முழுதும் நடக்கும், ஆனால் திறன் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதற்கு ஓர் அளவீடு உண்டு. 2015இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ ஆய்வொன்றில், பைபாஸுக்கு முன்பு உட்கொண்ட கல்சியத்தில் சராசரியாக 33 வீதம் உறிஞ்சப்பட்டது, ஆறு மாதத்துக்குப் பிறகு 7 வீதமே. அவர்களுக்கு விற்றமின் டி முன்கூட்டியே 30க்கு மேல் கொண்டுவரப்பட்டிருந்தும் இந்த வீழ்ச்சி. அந்த 7 வீதத்தை நமது ஆசிரியையின் 156 மி.கி. மீது வைத்துப் பார்த்தால் நாளுக்கு 11 மி.கி. வரும். குறைந்த அளவில் உறிஞ்சும் வீதம் கொஞ்சம் கூடும் என்பதைச் சேர்த்தாலும், அது எலும்புக்குப் போதுமானதற்குக் கிட்டவும் வராது.

இரைப்பையின் பங்கும் இதில் உண்டு. மேலே மிஞ்சிய சிறிய பையில் அமிலம் சொற்பம். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், சிட்ரேட்டுக்கு வேண்டாம். இவர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் 20 மி.கி. நாளுக்கு இரண்டு வேளையாக இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்து வந்தார். சிறிய பையும் குடலும் தைத்து இணைக்கப்பட்ட தொடுப்பு வாயில் புண் வராமலிருக்கப் பைபாஸுக்குப் பின் சில மாதங்களுக்கு எழுதும் மருந்து அது. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இந்த நிலையில் கார்பனேட் கொடுத்திருந்தால் அதில் பெரும்பகுதி கரையாமலே மலத்தோடு போயிருக்கும். புகைப்பழக்கம் இல்லை, வலிநிவாரணி எடுப்பதில்லை, புண்ணின் அறிகுறி எதுவும் இல்லை என்பதைப் பார்த்து, சத்திரசிகிச்சை நிபுணரின் ஒப்புதலோடு நாலு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

விற்றமின் டி என்று நினைத்தது

அவரிடமிருந்த இரண்டாவது அட்டை அல்பாகல்சிடோல் 0.25 மைக்ரோகிராம். "இதுதான் விற்றமின் டி எண்டு தந்தவை" என்றார். பெயரளவில் அது சரி. ஆனால் அது சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை முன்கூட்டியே செய்து தரும், வீரியமான வடிவம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் பராதைரொயிட் சுரப்பி இல்லாதவர்களுக்கும் உரியது. உடம்பின் விற்றமின் டி சேமிப்பை அது நிரப்பாது. ஆறு மாதம் எடுத்தும் இரத்த அளவு 14இல் நின்றதற்கு இதுவே காரணம். நிரப்ப வேண்டியது கொலிகல்சிபெரோல், அதாவது டி3.

வெயில் கொட்டும் கடற்கரை ஊரில் விற்றமின் டி குறைபாடா என்று பலரும் கேட்பார்கள். காலை ஏழு மணியிலிருந்து வகுப்பறைக்குள், மாலையில் வீட்டுக்குள், உடலை மூடிய உடை, இத்தனை காலம் கொழுப்புக்குள் சிறைப்பட்டிருந்த விற்றமின், இப்போது கொழுப்பைச் சரியாக உறிஞ்சாத குடல். ஊர் வெயில் இத்தனையையும் ஈடுகட்டாது.

கொடுத்த மருந்தும் நேரமும்

பைபாஸ் செய்தவர்களுக்கு அமெரிக்க உடற்பருமன் சத்திரசிகிச்சைச் சங்கத்தின் 2016 வழிகாட்டல் சொல்வது, உணவும் குளிசையும் சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி. தனிமக் கல்சியம். இரைப்பையைக் குழாயாக வெட்டும் ஸ்லீவ் முறைக்கும் அதே அளவுதான். குடலில் நீண்ட பகுதியைத் தவிர்க்கும் டுவோடினல் சுவிச் முறைக்கு 1800 முதல் 2400 வரை. ஒரு வேளைக்கு 500, மிஞ்சினால் 600. அதற்கு மேல் ஒரேயடியாகக் கொடுத்தால் மிச்சம் வீண்.

இவருக்குத் தெரிவு செய்தது 1000 மி.கி. கல்சியம் சிட்ரேட் குளிசை, அதாவது ஒவ்வொன்றிலும் 210. ஒரு வேளைக்கு இரண்டு, நாளுக்கு மூன்று வேளை: மொத்தம் 1260. உணவிலிருந்து ஏறத்தாழ 300 சேர்கிறது. டி3 வாரம் ஒரு முறை 50,000 அலகு, 8 வாரத்துக்கு. அதன் பிறகு தினமும் 3000 அலகு, பெரிய சாப்பாட்டோடு. அல்பாகல்சிடோல் நிறுத்தம்.

கடினமாக இருந்தது நேரத்தை அமைப்பது. தைரொக்சினுக்கும் கல்சியத்துக்கும் இடையில் 4 மணிநேரம் வேண்டும். இரும்புக்கும் கல்சியத்துக்கும் இடையில் குறைந்தது 2 மணிநேரம். பல்விற்றமின் குளிசையில் இரும்பு இருப்பதால் அதற்கும் அதே விதி. ஆசிரியையின் நாளோடு பொருத்தி இப்படி வகுத்தோம். காலை 5.30க்குத் தைரொக்சின், வெறும் தண்ணீரோடு. பாடசாலை இடைவேளை 10.30க்கு முதல் கல்சியம். மதியச் சாப்பாடு 1.30க்கு, அதோடு பல்விற்றமினும் டி3யும். பின்னேரம் 4.30க்கு இரண்டாவது கல்சியம். இரவுச் சாப்பாடு 7.30க்கு, அதோடு மூன்றாவது. இரவு 10 மணிக்கு இரும்பு, தேசிக்காய்த் தண்ணீரோடு. சாப்பாட்டுக்குப் பின் பிளேன்ரீ குடிக்கும் வழக்கத்தை இரும்புக்கு அருகில் வர விடவில்லை.

10.30க்கும் 4.30க்கும் வயிறு வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை என்பது சிட்ரேட்டின் வசதி. கார்பனேட் என்றால் இந்த அட்டவணை உடையும். அதைச் சாப்பாட்டோடு மட்டுமே போட வேண்டும்.

முதல் வாரம் ஒரு வேளை, இரண்டாம் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் மூன்று என்று ஏற்றினோம். முதல் நாளே ஆறு பெரிய குளிசை கொடுத்தால் வயிறு ஊதும், மலம் இறுகும், பத்தாம் நாள் டப்பா அலுமாரிக்குள் போய்விடும். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் பெரிய குளிசை சிறிய பையின் வாசலில் சிக்குவதும் உண்டு. அப்போது மென்று தின்னும் வடிவமோ திரவமோ தான் பொருத்தம். நீரில் பொங்கும் வடிவத்தில் கார்பனேட்டோடு சித்திரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். கரையும்போதே அது சிட்ரேட்டாக மாறும், ஆகவே நல்லது. வாயு முழுதும் அடங்கும்வரை வைத்திருந்து, வாய் வாயாகக் குடிக்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிலுள்ள சோடியத்தைப் பார்க்க வேண்டும். கடல் ஈரக் காற்றில் அந்தக் குழாயின் மூடி சரியாகப் பூட்டாவிட்டால் இரண்டு நாளில் குளிசை ஊறிப் பிசுபிசுக்கும்.

மூன்றாம் மாதத்துச் சறுக்கல்

எட்டாம் வாரத்தில் பராதைரொயிட் ஓமோன் 98க்கு இறங்கியது, விற்றமின் டி 27. விறைப்பு மூன்றாம் வாரத்திலேயே போய்விட்டது. ஆனால் பதினான்காம் வாரத்தில் ஓமோன் மீண்டும் 109. குளிசை தவறவில்லை என்றார். இம்முறையும் அது உண்மைதான்.

அட்டையைக் கேட்டோம். சிட்ரேட் முடிந்து, பார்மசியில் "அதே கல்சியம்தான்" என்று வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள்: கல்சியம் கார்பனேட் 500 மி.கி. அந்த 500 உப்பின் நிறை, உள்ளே 200 மி.கி. கல்சியம். முன்பு ஒரு வேளைக்கு இரண்டு குளிசை என்பது பழக்கம், புதியது "ஐந்நூறு" என்றிருந்ததால் ஒன்றாகக் குறைத்தார். 1260 என்பது 600 ஆயிற்று. இடைவேளையிலும் பின்னேரமும் வெறும் வயிற்றில் போட்டதால் அந்த 600இலும் பாதிக்கு மேல் கரைந்திருக்காது. மருந்தை ஒழுங்காக எடுப்பவர்தான் இப்படிப்பட்ட மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படுகிறார். அவருக்குத் தன் மேல் சந்தேகம் வராது, எங்களுக்கும் அவர் மேல் வராது. நோயாளி மருந்து எடுக்கவில்லை என்று மருத்துவக் குறிப்பில் எழுதுவதற்கு முன், அட்டையைக் கையில் வாங்கிப் படிப்பது எங்கள் கடமை.

அதன் பிறகு மருந்துச் சிட்டையில் எழுதும் முறையை மாற்றினோம். "கல்சியம், மூன்று வேளை" என்று எழுதுவதில்லை. உப்பின் பெயர், ஒரு குளிசையில் உள்ள தனிமக் கல்சியம், ஒரு வேளைக்கு எத்தனை மி.கி., சாப்பாட்டோடா இல்லையா, இத்தனையும் ஒரு வரியில். அதற்குக் கீழே: "சிட்ரேட் இல்லாவிட்டால் மாற்றிக் கொடுக்க முன் அழைக்கவும்." சிட்ரேட் கிடைக்காத காலத்துக்கான மாற்றுத் திட்டத்தையும் எழுதிக் கொடுத்தோம்: 1250 மி.கி. கார்பனேட் குளிசை, காலை 10.30க்குச் சிற்றுணவோடும், பின்னேரம் 4.30க்குச் சிற்றுணவோடும், இரவுச் சாப்பாட்டோடும் நன்றாக மென்று ஒவ்வொன்று. மதியம் பல்விற்றமினுக்கு உரியது என்பதால் அந்த வேளையைத் தொடவில்லை. ஒமெப்ரசோல் நிறுத்தப்பட்டிருந்ததால்தான் இந்த மாற்றை நம்பிக் கொடுக்க முடிந்தது.

சாப்பாடும் கல்லும்

தயிர் இந்த மாவட்டத்தில் தட்டுப்பாடில்லை. கிண்ணியா எருமைத் தயிர் ஒரு சிறு கோப்பை பாலைவிட வயிற்றுக்கு இதம், பைபாஸுக்குப் பின் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால் பாணி ஊற்றக் கூடாது. சீனி வேகமாகக் குடலுக்குள் இறங்கி நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை சுற்றும். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலியும் ரின் மீனின் மெத்தென்ற முள்ளும் நல்ல கல்சியம். குரக்கனில் 100 கிராமுக்கு 344 மி.கி. இருக்கிறது என்பது சரி, ஆனால் அதிலுள்ள பைற்றேட் அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே அதைக் குளிசைக்குப் பதிலாகக் கணக்கிடுவதில்லை.

சிறுநீரகக் கல்லுக்குப் பயந்து கல்சியத்தை விடும்படி அவருடைய அக்கா சொல்லியிருந்தார். பைபாஸ் செய்தவர்களில் விடயம் நேர்மாறு. உறிஞ்சப்படாத கொழுப்பு குடலில் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ள, தனித்து விடப்பட்ட ஒட்சலேற்று (கீரை போன்ற உணவிலுள்ள ஒரு பொருள்) உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் கல்லாகிறது. சாப்பாட்டோடு எடுக்கும் கல்சியம் அந்த ஒட்சலேற்றைக் குடலிலேயே கட்டி வெளியேற்றுகிறது. சிட்ரேட்டோ கல் உருவாவதையே தடுக்கும். பசளி போன்ற ஒட்சலேற்று மிகுந்த கீரையைத் தினமும் சேர்க்காமலும், சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் விட்டு நாள் முழுதும் சிறுகச் சிறுகக் குடித்து 2 லீற்றர் தண்ணீரை எட்டியும் வந்தால் போதும். ஏப்ரல் முதல் ஆவணி வரையான வெக்கையில் 2 லீற்றரும் பற்றாது.

நோன்பு காலம் பற்றிக் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நோயாளர்கள் கேட்பதுண்டு. முதல் வருடத்தில் நோன்பு பிடிப்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரோடு பேசியே முடிவெடுக்க வேண்டும். தண்ணீர் குறைவதே முதல் ஆபத்து. முதல் வருடத்துக்குப் பிறகு பிடிப்பவர்களுக்கு: நோன்பு துறந்ததும் இரும்பு, இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் சஹரிலும் சிட்ரேட்.

இப்போதைய நிலை

ஒன்பதாம் மாதத்தில் பராதைரொயிட் ஓமோன் 61, விற்றமின் டி 36, அல்கலைன் பொஸ்பற்றேஸ் 118, சிறுநீர்க் கல்சியம் 112 மி.கி. தொடையின் பலம் திரும்பிவிட்டது. முதுகுநோ குறைந்திருக்கிறது, முற்றாகப் போகவில்லை. எலும்பு நிரம்ப இன்னும் காலம் எடுக்கும். எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் இடுப்பெலும்பு வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. அதற்கான வாய்வழி மருந்துகள் தொடுப்பு வாயில் புண் உண்டாக்கக்கூடியவை என்பதாலும், நாளத்தில் ஏற்றுபவற்றை விற்றமின் டியும் கல்சியமும் உறுதியாக நிலைக்க முன் கொடுத்தால் கல்சியம் ஆபத்தான அளவுக்கு விழும் என்பதாலும் இப்போதைக்கு எதுவும் தொடங்கவில்லை. இரண்டு வருடத்தில் மறுபடி அளப்போம். இரத்தப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நிலைத்த பின் வருடத்துக்கு ஒரு முறை. கை கோணிப் பிடித்தாலோ, தொண்டை இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லியிருக்கிறோம்.

இப்போது அவர் புதிய அட்டை வாங்கியதும் அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஓர் எண் எழுதுகிறார்: உப்பின் நிறையல்ல, உள்ளே இருக்கும் கல்சியம். கடைசியாகக் கொண்டுவந்த அட்டையில் "210" என்று எழுதியிருந்தது.